வஜ்ஜிரப் பசையும் மஞ்சள் தண்ணீரும்

இடவப்பாதிப் பருவமழை பிடித்த நாலாம் நாள் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற வொர்க் ஏரியாவின் கதவு மூடமாட்டேன் என்று அடம் பிடித்தது. திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு இது அதிசயமில்லை. மழைக்காலத்தில் இங்கே அப்பளம் நமுக்கும், தீப்பெட்டி நமுக்கும், கதவு உப்பும். ஆவணி பிறந்தால் தானே இளைத்துவிடும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் மூடாத கதவு வழியாக ஒரு மரநாய் உள்ளே வந்து, பழுக்கட்டும் என்று தொங்கவிட்டிருந்த நேந்திரங்குலையில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. அதற்கப்புறமும் சும்மா இருந்தால் எப்படி? ஆசாரிக்குப் போன் செய்தேன். "நாளெ வராம் சேச்சி" என்றார். பதினைந்து நாளாக அதே நாளைதான்.

பூட்டுப் பக்கத்து ஓரத்தில் ஒரு நூல் அளவு இழைத்தால் போதும். அதற்கு ஓர் இழைப்புளி வேண்டும், அவ்வளவுதானே, நாமே வாங்கிவிடுவோம் என்று கைப்பேசியில் தேடினேன். படத்தில் அழகான இழைப்புளி, பக்கத்தில் சுருள் சுருளாக மரச்சீவல். கீழே பொடி எழுத்தில் என்னவோ போட்டிருந்தது. பொடி எழுத்தைப் படிக்கும் வயதை என் கண்கள் எப்போதோ தாண்டிவிட்டன. பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே இழைப்புளி இல்லை. நாலு மரத்துண்டு, ஓர் ஆப்பு, ஓர் உருட்டுக் குச்சி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரும்புத் தகடு, ஒரு டப்பி பசை, பன்னிரண்டு படம் போட்ட ஒரு தாள். நாமே ஒட்டிச் செய்துகொள்ள வேண்டுமாம். என் கணவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். "நீ வாங்கினது சாமான் இல்லை, வீட்டுப்பாடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பத்தான் நினைத்தேன். அதற்கு முன்னால் ஏன் அந்தப் பசை டப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு வாசனையும் இல்லை. பால் பவுடரைக் கரைத்து வைத்தது போல வெள்ளையாக, சாதுவாக இருந்தது. மரம் ஒட்டுகிற பசை என்றால் நாற வேண்டுமே என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த மரப்பசை ஒரு காலத்தில், நான் பிறந்து வளர்ந்த ஸ்ரீவராகத்தில், தெருவையே கூட்டியது.

அது வஜ்ஜிரம். இப்போது யாரும் அதைத் தேடிப் போவதில்லை. கருப்பட்டிச் சில்லு மாதிரி கெட்டியாக இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சினால் கூழாகும். காய்ச்சும்போது வருகிற நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். கிணற்றடியில் மூன்று செங்கல் அடுக்கி, பழைய பால் கிண்ணியில் அதைக் காய்ச்சியவன் என் அண்ணா. அம்மா எலி செத்துக் கிடக்கிறது என்று ரெண்டு நாள் பரண் முழுக்கத் தேடினாள். நானும் கூடத் தேடினேன், விஷயம் தெரிந்துகொண்டே.

அண்ணாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கிருஷ்ணன், எல்லோருக்கும் கிட்டு. என்னைவிட நாலு வயது மூத்தவன். பி.காம். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அக்கவுண்டன்சியில் கவிழ்ந்தவன். ஆனால் கொலுப்படி கட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மற்ற வீடுகளில் பெட்டி மேல் பலகை, பலகை மேல் பெட்டி என்று அடுக்கி, வேட்டியைப் போர்த்தி மூடுவார்கள். யாராவது தும்மினால் தசாவதாரத்தில் ஓர் அவதாரம் குறையும். எங்கள் வீட்டுப் படி மட்டும் ஆணி அடிக்காமல், பொருத்துக்குள் பொருத்துப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பாவே அதன் மேல் ஏறி நின்று விளக்கு மாட்டுவார். அப்படி ஏறி நிற்கிறவர்தான், தச்சு வேலைக்குப் போகிறேன் என்று அண்ணா சொன்னபோது மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

நாலாம் நாள் சாப்பிடும்போது பேசினார். "விஜயதசமி வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள ஓர் ஆசாரி உன்னைப் பட்டறையில சேர்த்துண்டா நான் வாயைத் திறக்கமாட்டேன். இல்லேன்னா பேங்க் பரீட்சை எழுதணும். அப்பறம் மரம் மட்டைன்னு பேசப்படாது. கேட்டயோ?"

அண்ணா தலையாட்டினான். எந்த ஆசாரியும் அக்ரஹாரத்துப் பையனைச் சேர்க்கமாட்டான் என்பது அப்பாவின் கணக்கு. ஆனால் கரமனை ஆற்றுப் பக்கம் ஒரு பட்டறைக்காரர் முடியாது என்று சொல்லவில்லை. "விஜயதசமிக்கு வா. சொந்தம் கைகொண்டு ஒரு சிந்தேர் உண்டாக்கிக் கொண்டு வா. நோக்காம்" என்றாராம். சிந்தேர் என்றால் இங்கே இழைப்புளி. அவரவர் இழைப்புளியை அவரவரே செய்வதுதான் அவர்கள் வழக்கம். அதைச் செய்யத் தெரியாதவனுக்கு மேற்கொண்டு எதைக் கற்றுக்கொடுத்தும் பிரயோஜனமில்லை என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கும்.

கொலுப்படி கட்டத் தெரிந்த அண்ணாவுக்கு இழைப்புளி செய்யத் தெரியவில்லை. இரண்டு கட்டையைப் பாழாக்கினான். பிறகு பழவங்காடியில் ஓர் இரும்புக் கடையில், பள்ளிக்கூடக் கைவேலை வகுப்புக்கென்று வடக்கே எங்கோ தயாரித்த பொட்டலம் ஒன்று விலைபோகாமல் கிடந்ததைக் கண்டுபிடித்து வாங்கி வந்தான். நாலு மரத்துண்டு, ஆப்பு, குச்சி, இரும்பு, வஜ்ஜிரச் சில்லு. ஆம், பசையைத் தவிர, இப்போது என் சாப்பாட்டு மேஜையில் கிடப்பது மாதிரியேதான். செய்முறைத் தாள் ஹிந்தியில் இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் ஹிந்திப் பரீட்சை பாஸ் பண்ணியவர்கள், நான் உள்பட. அந்தத் தாளில் ஒரு வரிகூட எனக்கும் அண்ணாவுக்கும் விளங்கவில்லை.

"பொட்டலம்னு யார்கிட்டேயும் சொல்லாதே" என்றான் அண்ணா.

"நீதானே ஒட்டறாய்? அப்போ நீ பண்ணினதுதானே?" என்றேன்.

அவன் செய்முறைத் தாளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான். அது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும்.

எலி கிடைக்காத மூன்றாம் நாள் அம்மா கிண்ணியைக் கண்டுபிடித்துவிட்டாள். இது என்ன என்று கேட்டாள். அண்ணா சொன்னான். எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னான். மாட்டுத் தோல், எலும்பு. கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம். அம்மா கிண்ணியைக் குறட்டால் பிடித்துக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு, கிணற்றடியில் நின்று தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டாள். நல்லவேளை, அதற்குள் ஒட்டுகிற வேலை முடிந்திருந்தது. கயிற்றால் இறுக்கிக் கட்டி, கொல்லையில் ஓலைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான்.

அன்று துர்காஷ்டமி. எங்கள் ஊரில் அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. புத்தகம், பேனா, ஆயுதம் எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால் தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, வெட்டக்கூடாது. சின்ன வயதில் எங்களுக்கு இதைவிடப் பிரியமான சட்டம் வேறு இல்லை. வைத்தது ஈரமா, காய்ந்ததா, பொருத்து நின்றதா என்று பிரித்துப் பார்க்கக்கூட வழியில்லை. அண்ணா தன் இழைப்புளியை ஒரு தடவைகூட மரத்தில் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.

"அந்த வஸ்து சரஸ்வதி பக்கத்துல வரப்படாது" என்றாள் அம்மா.

"பூஜைக்கு வெக்காத ஆயுதத்தைத் தசமியன்னிக்கு எப்படிம்மா எடுத்துண்டு போறது?" என்றான் அண்ணா. அவன் அம்மாவிடம் குரலை உயர்த்திக் கேட்டது அன்றுதான். கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வெச்சுக்கோ. புஸ்தகத்துலேந்து தள்ளி, ஜன்னல் ஓரமா வை" என்றாள்.

அவன் அதைப் பேப்பரில் சுற்றி ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. இதற்கு மட்டும் ஒன்றும் இல்லாமல் தீட்டுப்பட்டது மாதிரி ஓரத்தில் கிடந்தால் சரஸ்வதி எப்படித் திரும்பிப் பார்ப்பாள்? அன்று காலையில்தான் அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, கத்திரிக்கோல், அப்பாவின் குடை உள்படக் கழுவித் துடைத்து வைத்தவள் நான். கழுவாத ஒன்றைப் பூஜைக்கு வைத்துப் பழக்கமில்லை. அதனால் இதையும் கழுவினேன். வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து முழுசாக முக்கி எடுத்தேன். மாட்டுத் தோல் சமாச்சாரம், ஒரு தடவை போதுமா என்று சந்தேகம் வந்தது. மூன்று தடவை முக்கினேன். துண்டால் துடைத்து, அதே பேப்பரில் சுற்றி, பொட்டு வைத்து, புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே கொண்டு வைத்தேன். அம்மா பார்த்தாள். மஞ்சள் வாசனை வந்திருக்கும். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

வஜ்ஜிரத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று பதினெட்டு வயதில் எனக்கு யார் சொல்வார்கள்?

நவமி முழுக்க அது அப்படியே இருந்தது. சாயங்காலம் எல்லோரும் நவராத்திரி மண்டபத்துக்குக் கச்சேரி கேட்கப் போனோம். அண்ணா தாளம் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தான். தசமி காலையில் பூஜை எடுத்ததும் பேப்பரைப் பிரிக்காமல் அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தே கரமனைக்குப் போனான். பேப்பரின் அடி ஓரம் மஞ்சளாக ஊறியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகத்தான் நினைவு. பிற்பாடு என் மனசே வரைந்த மஞ்சளோ என்னவோ.

பதினோரு மணிக்குத் திரும்பி வந்தான். கையில் ஒன்றுமில்லை.

"என்னடா ஆச்சு?" என்று அப்பா கேட்டார்.

"சரியாகலை" என்றான். அவ்வளவுதான். ஜெயித்த அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அடுத்த வாரம் பேங்க் பரீட்சை விண்ணப்பம் வந்தது. எழுதினான், முதல் தடவையிலேயே தேறினான். அக்கவுண்டன்சியில் இரண்டு தடவை கவிழ்ந்தவனுக்கு முப்பத்தைந்து வருஷம் அதிலேயே வேலை. மேனேஜராக ஓய்வு பெற்று இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டிலும் பெட்டி மேல் பலகைதான்.

நான் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஆபீசில் மேஜைக்கால் ரிப்பேருக்கு ஒருவர் வந்தார். மழைச்சாரல் பட்டு ஒட்டு விட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, "வஜ்ஜிரத்துக்குத் தண்ணிதான்மா எமன்" என்றார். நான் பாதி லெட்டரில் கையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க ஒரு பக்கம்கூடத் தப்பில்லாமல் அடிக்க முடியவில்லை. பட்டறை வாசலில், நாலு பேர் முன்னால், அண்ணாவின் கையில் அது நாலு துண்டாகப் பிரிந்து விழுகிற காட்சி அன்று வந்ததுதான். அதற்கப்புறம் போகவே இல்லை.

அவனிடம் சொல்லவில்லை. சொல்லாததற்கு வேறு விதங்களில் ஈடு செய்துகொண்டிருந்தேன். மாம்பழத்தில் கன்னம் அவனுக்கு, கொட்டை எனக்கு. ரயிலில் ஜன்னல் சீட் அவனுக்கு. அம்மா போனபிறகு அவளுடைய வெண்கல உருளியை நானும் ஆசைப்பட்டேன், மன்னியும் ஆசைப்பட்டாள், மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். "உங்க அண்ணா சொன்னா நீ அமாவாசையைப் பௌர்ணமின்னு சொல்லுவாய்" என்பார் என் கணவர். கூடப் பிறந்த பாசம் என்று ஊரில் பெயர். நானும் ஆமாம் என்று கேட்டுக்கொள்வேன்.

இத்தனையும் நினைத்துக்கொண்டேதான் என் பொட்டலத்தை ஒட்டினேன். இறுக்கிப் பிடிக்கக் கருவி இல்லாததால் பழைய புடவைக் கரையால் சுற்றி, மேலே கிரைண்டர் கல்லை ஏற்றி வைத்தேன். மறுநாள் இரும்பைச் செருகி, ஆப்பு அடித்து, ஒரு பழைய பலகையில் ஓட்டினேன். ஒட்டு கல் மாதிரி நின்றது. ஆனால் ஒரு சீவல் வரவில்லை. இரண்டு தள்ளுக்குள் தூள் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கழற்றி மாட்டினேன், மறுபடி அடைத்தது. இரும்பைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன், மரத்தைக் கடித்துக்கொண்டு நகரவே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தாளைப் படித்தேன். ஒன்பதாவது படத்தின் கீழே இருந்தது: இரும்பு எட்டிப் பார்க்கிற வாயை வேண்டுமென்றே குறுகலாக விட்டிருக்கிறார்கள், அரத்தால் தேய்த்துத் திறந்துகொள்ளாவிட்டால் சீவல் வெளியே வராது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணா அரம் எதையும் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. ஹிந்தித் தாளில் இந்த ஒன்பதாவது படம் இருந்ததா? இருந்தாலும் எங்களுக்கு எங்கே புரிந்தது? அப்படியானால் நான் முக்கியிருக்காவிட்டாலும் அது சீவியிருக்காதோ? அல்லது ஒட்டு மட்டும் நின்றிருந்தால், பட்டறைக்காரர் கையில் வாங்கிப் பார்த்து, "வாய் தேய்க்கணும்" என்று ஒரே வார்த்தையில் சரிசெய்து சேர்த்துக்கொண்டிருப்பாரோ? மூன்று தடவை முக்கினேனா, ஒரு தடவைதானா? ஒன்றும் தெளியவில்லை. நாற்பது வருஷம் நிச்சயமாகத் தெரிந்திருந்த ஒன்று ஒரு மத்தியானத்தில் கலங்கிப்போனது.

போனை எடுத்து அண்ணாவைக் கூப்பிட்டேன். முதலில் கதவு, மரநாய், பெட்டி எல்லாம் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். பிறகு வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அண்ணா, அன்னிக்கு உன்னோடதை நான்தான் மஞ்சத் தண்ணில முக்கினேன். அது பிரிஞ்சுபோனது என்னாலதான்."

அந்தப் பக்கம் மன்னி யாரோடோ காய் பேரம் பேசுவது மட்டும் கேட்டது.

"பிரிஞ்சுதுன்னு உன்கிட்ட யார் சொன்னா?" என்றான்.

"பின்னே?"

"நான் பட்டறைக்குள்ளேயே போகலைடி. வாசல்ல நாலஞ்சு பேர் நின்னுண்டிருந்தா. அவாவா கையில அவாவா பண்ணினது. கோணலும் மாணலுமா இருந்தது, ஆனா அவா பண்ணினது. என்னோடது பொட்டலத்துல வந்ததுன்னு ஆசாரி பார்த்த உடனே சொல்லிடுவார்னு தோணித்து. கால் நகரலை. ஆத்தங்கரைப் படியில போய் உக்காந்தேன். பேப்பரைப் பிரிக்கக்கூட இல்லை. அங்கேயே வெச்சுட்டு வந்துட்டேன்."

"நிஜமாவா அண்ணா?"

"இந்த வயசுல உன்கிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்? போ, போய் ஓர் அரம் வாங்கி வாயைத் தேய்."

எனக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அது உண்மையானால் நான் ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் மாம்பழக் கன்னமும் ஜன்னல் சீட்டும் உருளியும் எதற்காகக் கொடுத்தேன்? பாசம்தானா, பயமா? இரண்டும் ஒன்றாகவே வளர்ந்துவிட்டதில் எது எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அழுகையாகவும் வந்தது, கோபமாகவும் வந்தது. யார் மேல் கோபம் என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் காப்பி குடிக்குமுன் அவனே கூப்பிட்டான். விசேஷ நாள் தவிர அவனாகக் கூப்பிடுகிறவன் இல்லை.

"அரம் வாங்கினயா? சீவல் வரதோ?"

நான் கடைக்கே போகவில்லை. போகவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவன் குரலில் இருந்த ஆவல் என்னை என்னவோ செய்தது.

"வரது அண்ணா. நன்னா வரது" என்றேன்.

"சுருளா வரதோ, தூளாவா?"

"சுருள் சுருளா."

"அப்பாடா!" என்று சிரித்தான். என்ன மரம், எவ்வளவு நீளம், சீவலை விளக்குக்கு முன்னால் பிடித்தால் வெளிச்சம் தெரிகிறதா என்று எழுபதை நெருங்குகிறவன் கேட்டுக்கொண்டே போனான். நானும் பலா என்றேன், ஒரு முழம் என்றேன், வெளிச்சம் தெரிகிறது என்றேன். என் கணவர் பேப்பரை இறக்கி என்னை விநோதமாகப் பார்த்தார்.

ஸ்ரீவராகத்து வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். கரமனைப் பட்டறை இருந்த இடத்தில் டைல்ஸ் கடை. அவை போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அந்த வீட்டில் இருந்தவரை அண்ணாவுக்கும் எனக்கும் ஒருவரிடம் ஒருவர் மறைக்கத் தெரிந்திருந்தது. பொய் சொல்லத் தெரிந்திருக்கவில்லை. இப்போது எனக்கு அது இவ்வளவு சுலபமாக வருகிறது. பேப்பரைப் பிரிக்கவே இல்லை என்று சொன்ன அண்ணாவுக்கு மட்டும் வராதா என்ன?